வண்ணமுள்ள உடம்பு

கமலாக்ஷி டீச்சர் படியேறி வந்தபோது, தன்னைக் கேட்கத்தான் வருகிறாள் என்று நீலாம்பாள் நினைத்துவிட்டாள்.

அப்படி நினைக்க அவளுக்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின மாதம், எழுபத்தொன்பது ஆகஸ்டில், மகள் பாக்கியலக்ஷ்மியின் பள்ளிக்கூடத்தில் விழா. கமலாக்ஷி அங்கே டிராயிங் டீச்சர். பிள்ளைகள் வரைந்த மாம்பழங்களும் படகுகளும் மாட்டியிருந்த ஹாலின் கோடியில், பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாய்த்து வைத்திருந்த நாலைந்து படங்கள் நீலாம்பாள் கண்ணில் பட்டன. திருப்பி வைத்ததை நிமிர்த்திப் பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. பார்த்தாள். எல்லாம் பெண்கள். ஒருத்தி குளித்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே வாயைத் திறந்து தூங்கிப்போயிருக்கிறாள். இன்னொருத்தி ஒதுக்குப்புறமாகப் பாயும் தட்டும் செம்புமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தூரம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அந்த மூன்று நாளும் அவளை யாரும் பார்க்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. அப்படிப்பட்டவளை ஒருத்தி எதிரே உட்கார்ந்து, விரல் நகம் முதற்கொண்டு பார்த்து வரைந்திருக்கிறாள்.

பின்னால் வந்து நின்ற டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. படத்தைப் பார்த்தாள், பிறகு நீலாம்பாளைப் பார்த்தாள். தலையிலிருந்து கால் வரைக்கும், அவசரமே இல்லாமல். முப்பத்தெட்டு வயதில் தன்னை ஒருவர் முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நீலாம்பாளுக்குப் பட்டது. பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட வெங்கிடாசலத்தின் அம்மாதான் பார்த்தாள். அவர் சொஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே டீச்சர் கூடத்தில் வந்து உட்கார்ந்து, காப்பியை ஒரு வாய் குடித்து, "எனக்கு ஒரு உபகாரம் வேணும், நீலாம்பாள்" என்று மலையாளத்தில் ஆரம்பித்ததும் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. முதலில் முடியாது என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கேட்டால், யோசிக்கிறேன் என்று சொல்லலாம்.

"சுக்கு குடோனில் ஒரு தமிழத்தி வேலை செய்கிறாள். வீரலட்சுமி என்று பெயர். அவளை வரைய வேணும். அவளுக்கு மலையாளம் வராது, எனக்குத் தமிழ் வராது. நீங்கள் கூட இருந்து பேசிக் கொடுத்தால் போதும்."

"அதுக்கென்ன, வரேனே" என்றாள் நீலாம்பாள். தன் குரல் அவ்வளவு சகஜமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவள் வீட்டுக்குள் பாலக்காட்டுத் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம் என்று வளர்ந்தவள். இரண்டிலும் ஒரே வேகத்தில் பேசுவாள். மட்டாஞ்சேரிச் சந்தில் அதற்கு ஒரு உபயோகமும் இருந்ததில்லை. இப்போது வந்தது, இன்னொருத்திக்காக.

*

டீச்சர் படம் வரையும் இடம் பஜார் ரோட்டில் மூடிக்கிடந்த மிளகு குடோன் ஒன்றின் மாடி. காயலைப் பார்த்து ஒரு ஜன்னல். மூன்று மணிக்குக் காயல் தண்ணீரில் பட்ட வெளிச்சம் கூரையில் ஆடும். ஞாயிற்றுக்கிழமை டீச்சருக்கும் லீவு, குடோனுக்கும் லீவு. நீலாம்பாளுக்கு மட்டும் லீவு என்று எதுவும் கிடையாது.

அது இரண்டு வருஷக் கதை. இரத்தப்போக்கு நிற்காமல், கர்ப்பப்பையை எடுத்தார்கள். 'வயத்து ஆபரேஷன்' என்று மட்டும் வெளியில் சொல்லி வைத்திருந்தது. ஆனால் மாதம் மூன்று நாள் ஒதுங்காதவளைத் தெருப் பெண்கள் ஆறு மாதத்தில் கணக்கெடுத்துவிட்டார்கள். அதிலிருந்து யார் வீட்டில் சிராத்தம், சமாராதனை என்றாலும் சமையலுக்கு முதல் ஆள் அவள்தான். "நீலாவுக்கென்னடி, எப்பவும் மடி. நாள் பார்க்கவே வேண்டாம்" என்று கனகாம்பாள் மாமி சிரித்துக்கொண்டே கரண்டியைக் கையில் கொடுப்பாள். முன்னெல்லாம் அந்த மூன்று நாளும் நீலாம்பாள் மூலை அறையில் படுத்துக்கொண்டு பழைய வாரப் பத்திரிகைகளைப் படித்துத் தீர்ப்பாள். யாரும் தொட மாட்டார்கள், யாரும் கூப்பிட மாட்டார்கள். கர்ப்பப்பையோடு சேர்த்து அதையும் எடுத்துவிட்டார்கள் என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

வெங்கிடாசலம் நல்ல மனுஷர். காயலுக்கு நடுவே ஐலண்டில் தேயிலைக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. காலையில் படகேறிப் போய் சாயங்காலம் படகேறி வருவார். ஆபரேஷனுக்குப் பிறகு, "உனக்கு சிரமமா இருக்கும்" என்று படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். தையல் பிரித்த அன்று வார்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அந்தத் தழும்பை இன்றுவரை அவர் பார்த்ததில்லை. அவளும் காட்டவில்லை. கேட்டால்தானே காட்டுவதற்கு.

வீரலட்சுமிக்கு இருபத்தாறு வயது. கோவில்பட்டிப் பக்கம். கட்டட வேலைக்கு வந்த புருஷன் இசக்கிமுத்துவோடு இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவள். அகன்ற தோள். ஈரமான கருங்கல் நிறம். முன்கையில் பச்சை குத்திய ஒரு தேள். அவள் உள்ளே நுழைந்ததும் சுக்கு நெடியும் நுழைந்தது.

"துணிய எல்லாத்தையும் எடுக்கணுமாம்மா?" என்று நீலாம்பாளிடம் கேட்டாள்.

"மேல மாத்திரம். பிடிக்கலேன்னா வேண்டாம்னு சொல்லிடு. டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கறேன்." வேண்டாம் என்று அவள் சொல்லிவிட வேண்டும் என்று நீலாம்பாள் உள்ளூர ஆசைப்பட்டாள்.

"பொம்பளதான பாக்காக. ஊரு ஆசுபத்திரியில மேலு சரியில்லாமக் கெடந்தப்ப எத்தன பேரு வந்து பாத்தாக." வீரலட்சுமி சிரித்தாள். "இங்க சும்மா உக்காந்தாப் போதும்ங்காக. உக்காருறதுக்குன்னு கூப்பிடுத வேலைய நான் இப்பத்தான் பாக்கேன். அவுக கிட்ட மட்டும் சொல்லிராதீக."

"யாருகிட்ட?"

"எங்க வீட்டு ஆளுகிட்ட. டீச்சரம்மா வீட்டுல பாத்திரம் தேய்க்கப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

ஜன்னலைப் பார்த்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, ஒரு கையைப் பலகையில் ஊன்றி உட்கார வைத்தாள் டீச்சர். முகம் தெரியாத மாதிரிதான் வரைவேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். பிறகு அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இரண்டாவது சுற்றில் நின்று, கண்ணைச் சுருக்கி, மனம் நிறைந்து சொன்னாள்: "நல்ல வண்ணமுண்டல்லோ!"

மலையாளத்தில் வண்ணம் என்றால் பருமன். சதைப் பிடிப்பு. எலும்பும் தோலுமாக இல்லாமல் உடம்பு நிறைய இருக்கிறது என்று சொன்னாள் டீச்சர், அவ்வளவுதான்.

வீரலட்சுமி சட்டென்று திரும்பினாள். "வண்ணமா? என் வண்ணத்தையாம்மா நல்லாருக்குன்னு சொல்லுதாக?"

நீலாம்பாள் வாயைத் திறந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் ஏதோ ஒன்று ஏறிக்கொண்டே வந்தது. திறந்த வாயை மூடி, "ம்" என்றாள்.

"பொறந்ததுலேர்ந்து கரிச்சட்டி, அண்டங்காக்காங்கதத் தவிர ஒண்ணு கேட்டதில்லம்மா. கல்யாணத்தன்னைக்கு எங்க மாமியா, வெளக்கக் கிட்டக் கொண்டாங்க, பொண்ணு எங்க இருக்கான்னு தெரியலேன்னவுக." முன்கையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல வண்ணமாம்ல!"

"அனங்கண்டா" என்றாள் டீச்சர். அசையாதே என்று நீலாம்பாள் தமிழில் சொன்னாள். அதைச் சரியாகத்தான் சொன்னாள்.

ஏன் அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டோம் என்று அன்று வீட்டுக்குப் போகும்போது யோசித்துப் பார்த்தாள். இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது இல்லை. அந்த அறையில் ஒருத்தி பார்க்கிறாள், ஒருத்தி பார்க்கப்படுகிறாள். தனக்கென்று அங்கே ஏதாவது வேண்டியிருந்தது. இவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று தன் கையில் இருந்தால் போதும் என்றிருந்தது.

*

ஞாயிறுகள் போயின. சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்து நீலாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது வீரலட்சுமியை அல்ல. டீச்சர் வீரலட்சுமியைப் பார்ப்பதைத்தான்.

டீச்சர் பார்த்தால் அது சாதாரணப் பார்வை இல்லை. கழுத்து தோளில் சேரும் இடத்தில் நிற்கும். அங்கிருந்து மெல்ல இறங்கும். மறுபடி ஏறிச் சரிபார்க்கும். பிள்ளை பெற்று, பால் கொடுத்து, மூட்டை தூக்கித் தளர்ந்த இடத்திலெல்லாம் நிற்கும். அந்தத் தளர்ச்சிக்கு ஏதோ அர்த்தம் இருப்பது மாதிரி, அதைத் தவறவிட்டால் நஷ்டம் மாதிரி பார்க்கும். வீரலட்சுமியோ இதெல்லாம் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்ந்துவிடுவாள். பார்க்கப்படுகிறோம் என்பதுகூடத் தெரியாதவளுக்கு இவ்வளவு பார்வையா என்று நீலாம்பாளுக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்குப் போய்க் குளிக்கிற அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தன் கையைப் பார்ப்பாள். வெளுப்பு. தெருவில் எல்லாரும் 'நல்ல சிவப்பு' என்று சொல்லும் வெளுப்பு. அது இத்தனை வருஷத்தில் அவளுக்கு வாங்கிக் கொடுத்தது என்ன? ஒரு கல்யாணம். அதற்குப் பிறகு யாரும் அதைக் கவனித்ததில்லை. டீச்சர் ஒருநாள், "நீலாம்பாளுக்குத் தீரே வண்ணமில்லா, சாப்பிடுவதில்லையா?" என்று சிரித்தபோது, சுத்தமாகப் பருமனே இல்லை என்றுதான் சொல்கிறாள் என்று நன்றாகத் தெரிந்தும், தமிழ் அர்த்தம்தான் முதலில் காதில் விழுந்தது. தனக்கு நிறமே இல்லை என்று.

நவம்பரில் ஒரு ஞாயிறு. டீச்சர் கையை லேசாக உயர்த்தினாள். வீரலட்சுமி மோவாயை உயர்த்தினாள். டீச்சர் புருவத்தை அசைத்தாள். வீரலட்சுமி இடது தோளை இறக்கினாள். இடையில் ஒருதரம் டீச்சர் மலையாளத்தில் ஏதோ முணுமுணுக்க, அவள் தமிழில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். இரண்டு மணி நேரத்தில் நீலாம்பாள் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை.

புறப்படும்போது டீச்சர் அன்பாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இனி நீலாம்பாள் கஷ்டப்பட்டு வர வேண்டாம். எங்களுக்குள் ஒரு பாஷை உண்டாகிவிட்டது. வீட்டில் எத்தனை வேலை இருக்கும் உங்களுக்கு."

*

மறுநாள் மத்தியானம் குடோன் முற்றத்துப் பைப்படியில் வீரலட்சுமி கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். நீலாம்பாளுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜோலியும் இல்லை. ஆனால் அந்த வழியாகத்தான் வந்தாள்.

"வாங்கம்மா! நேத்து நீங்க போன பொறவும் டீச்சரம்மா சொன்னாக. வண்ணம், வண்ணம்னு. பெயிண்டக் கொழச்சுக்கிட்டே இருக்காக." ஈரக் கையைத் துடைக்காமல் நீட்டினாள். "நீங்க மட்டும் ஒருநாளும் ஒண்ணும் சொன்னதில்ல. நல்லாத்தான இருக்கு?"

"வீரலட்சுமி" என்றாள் நீலாம்பாள். "வண்ணம்னா மலையாளத்துல நிறம் இல்லை."

"பொறவு?"

"தடிமன். நீ தடிச்சியா இருக்கேன்னு சொல்றா. நல்ல வண்ணம்னா, நன்னா பெருத்த உடம்புன்னு அர்த்தம்."

பைப்பில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. வீரலட்சுமி நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது அங்கேயே நின்றது, யாருடையதோ மாதிரி.

"முத நாளே உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"ம்." குனிந்து பைப்பை மூடினாள். "எங்க வீட்டு ஆளு கிட்டகூடச் சொல்லிட்டேன். ஒருத்தவுக என் நிறம் நல்லாருக்குன்னு சொன்னாகன்னு. யாருன்னு மட்டும் சொல்லல." கொஞ்சம் சிரித்தாள். "அவுக அப்பமே கேட்டாக, கண்ணு தெரியாத ஆளான்னு."

நீலாம்பாள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. வீட்டுக்கு நடக்கும்போது அதைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். காயல் காற்று முகத்தில் அடித்தது. நடை லேசாக இருந்தது. அந்த லேசு அவளைப் பயமுறுத்தியது.

அடுத்த ஞாயிறு வீரலட்சுமி வரவில்லை. அதற்கடுத்த வாரம் குடோனிலும் இல்லை. இசக்கிமுத்துவுக்குக் கலூரில் பெரிய கட்டட வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கே ஷெட்டுக்குப் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள்.

"என்ன ஆயிற்று? உங்களிடம் ஏதாவது சொன்னாளா?" என்று டீச்சர் தேடி வந்து கேட்டாள்.

"புருஷனுக்குத் தெரிஞ்சுடுத்துன்னு தோணறது" என்றாள் நீலாம்பாள். இதுதான் பொய். இது முந்தினதைவிடச் சுலபமாக வந்தது.

*

படம் பாதியில் நின்றது. ஜனவரியில் எறணாகுளத்தில் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் கண்காட்சிக்கு அதைத்தான் டீச்சர் நம்பியிருந்தாள். திரும்பிய கழுத்து, தோள், மார்பு, ஊன்றிய கை, தேள் எல்லாம் முடிந்துவிட்டன. விலாவுக்குக் கீழே வெறும் கரிக்கோடு.

நீலாம்பாள் இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாவது ஞாயிறு, சமாராதனைக்குக் கூப்பிட்டவர்களிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு மாடியேறினாள்.

"நான் உட்காரட்டுமா?"

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா? எனக்கு அப்போதே ஆசைதான். பள்ளிக்கூடத்திலேயே கேட்க நினைத்தேன். ஆனால் ஒரு பிராமண அம்யாரிடம் இதை எப்படிக் கேட்பது? அடிக்க வருவீர்களே என்று விட்டுவிட்டேன்."

அப்போதே ஆசை.  இது தெரிந்திருந்தால் பைப்படிக்குப் போயிருப்பேனா என்று நீலாம்பாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். போயிருப்பேன் என்றுதான் பட்டது.

மறைவில் போய்ப் புடவையைத் தளர்த்திக்கொண்டு வந்தாள். பலகையில் உட்கார்ந்து, இருபது வருஷமாக இறுக்கிக் கட்டிய கொசுவத்தை இறக்கினாள். தொப்புளுக்குக் கீழே நேர்கோடாக ஒரு சாண் தழும்பு. இரண்டு பக்கமும் தையல் குத்திய புள்ளிகள். வெளுத்த தோலில் அது இளஞ்சிவப்பாக, மினுமினுத்துக்கொண்டு, இன்னும் ஆறாதது மாதிரி கிடந்தது.

டீச்சர் முன்னால் குனிந்தாள். பிறகு ஸ்டூலைக் கிட்டே இழுத்துப்போட்டுக்கொண்டாள். அந்தப் பார்வை, வீரலட்சுமியின் கழுத்தில் நின்ற அதே பார்வை, தழும்பின் மேல்முனையில் நின்றது. மெல்ல இறங்கியது. மறுபடி ஏறிச் சரிபார்த்தது. நீலாம்பாளுக்கு அழுகை வந்தது. அசைந்தால் பார்வை போய்விடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை வரையட்டுமா?"

"வரையுங்கோ."

ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். "முகத்தை எந்தப் பக்கம் திருப்பிக்கணும்?" என்று கேட்டாள் நீலாம்பாள்.

டீச்சர் தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "முகம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். அது முடிந்ததுதானே. எனக்கு இடுப்பு மட்டும் மதி, அது போதும்."

அன்று புறப்படும்போதுதான் படத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். அவள் வயிறு இருந்தது. தழும்பு இருந்தது, புள்ளி விடாமல். ஆனால் எல்லாம் கறுப்பில். நீலமும் காவியும் கரும்பச்சையும் மேல்மேலாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய அந்தக் கறுப்புக்காக டீச்சர் எத்தனை வாரம் மெனக்கெட்டிருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் தட்டில் அந்த நிறங்கள்தான் காய்ந்து கிடந்தன. தன் நிறத்துக்கென்று ஒரு சொட்டுகூட அதில் இல்லை. வீரலட்சுமி சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தாள். டீச்சர் வாய் பருமனைச் சொன்னாலும் கை அவள் நிறத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அகராதிப்படி சரியாகச் சொன்ன தான்தான் தப்பு.

*

கண்காட்சிக்கு வெங்கிடாசலத்தை அவள்தான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏதோ பொம்மனாட்டி படமாமே. அங்கே வந்து நான் என்ன பண்ணப்போறேன்?"

"பாக்கியத்தோட டீச்சர். போகலேன்னா நன்னாயிருக்காது, கேட்டேளா."

உண்மைக் காரணம் வேறு. தன்னைத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் அவளுக்கு. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவருக்குத் தெரியுமா, தெரியாதா.

படத்துக்குக் கீழே சிறிய அட்டையில் மலையாளத்தில் 'வண்ணம்' என்று எழுதியிருந்தது. இரண்டு கல்லூரிப் பையன்கள், "வண்ணத்துக்குக் குறைச்சல் ஒன்றுமில்லை" என்று கிண்டலடித்துக்கொண்டு போனார்கள். வெங்கிடாசலம் அரை நிமிஷம் நின்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"ஆபரேஷன் பண்ணின வயிறாக்கும்" என்றார். "இதையெல்லாமா வரைவா, கஷ்டம்." அடுத்த படம் வேறு யாரோ வரைந்த, காயல்கரையில் மீன் பிடிக்கும் சீனவலை. அதன் முன்னால் போய் நிம்மதியாக நின்றுகொண்டார்.

நீலாம்பாள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அப்போது டீச்சர் வந்தாள். அவள் பின்னால், புதுச் சேலையும் தலை நிறையக் கனகாம்பரமுமாக வீரலட்சுமி.

"கலூரில் போய்ப் பிடித்தேன்" என்றாள் டீச்சர் மலையாளத்தில். குரலில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை. "ஷெட் வாசலில் என்னைப் பார்த்ததும் வண்ணம், வண்ணம் என்று கையை இப்படிப் பெரிதாக விரித்துக் காட்டி அழுதாள். எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று விளங்க. நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்களாமே."

"சரியான அர்த்தம்தானே சொன்னேன்."

"ஆமாம். சரியான அர்த்தம்தான்" என்றாள் டீச்சர்.  திட்டியிருந்தால் தேவலை.

வீரலட்சுமி படத்தைப் பார்த்துவிட்டாள். "ஆத்தீ! என் கையில்லா இது! தேளப் பாருங்க, கொடுக்கக்கூட விடல!" அவள் குரலுக்கு ஹாலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். முன்கையைத் தூக்கிப் படத்திலிருந்த கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே நிறம். "டீச்சரம்மா என் கையத் தொட்டுத் தொட்டு, பெயிண்டக் காட்டிக் காட்டி சொன்னாக, அம்மா. நீங்க சொன்னதும் சரிதானாம். ரெண்டையும் சேத்துத்தான் சொன்னாகளாம்."

நீலாம்பாளிடம் அவளுக்கு வருத்தம் இருந்ததாகவே தெரியவில்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது.

கட்டம் போட்ட புடவை கட்டிய ஒரு சேச்சி கிட்டே வந்து வீரலட்சுமியின் கையைப் பிடித்தாள். "நீயா இது? எத்தனை அழகு!" பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள், வீரலட்சுமியைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் தழும்பின் பக்கம் விரலைக் காட்டி, "இதுதான் படத்தின் ஜீவன்" என்றார். சொல்லிவிட்டு மரியாதையாக வீரலட்சுமியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் வெட்கப்பட்டாள்.

பிறகு அவர் விரல் காட்டிய இடத்தை அவளும் குனிந்து பார்த்தாள். "இது என்ன வெட்டு? எனக்கு ஏது வெட்டு? ரெண்டையும் வீட்டுலதான பெத்தேன்." படத்தின் வயிற்றுக்கு நேரே நின்றுகொண்டு கேட்டாள்: "நிறம் என்னுது, கை என்னுது. வயிறு என்னுது இல்லியே. இது யாரு வயிறும்மா?"

"எந்தா அவள் பறயுன்னது?" அவள் என்ன சொல்கிறாள் என்று டீச்சர் கேட்டாள். எல்லாரும் நீலாம்பாளைப் பார்த்தார்கள். படத்தைச் சுற்றி நின்றவர்களில் இரண்டு மொழியும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

எதை வேண்டுமானாலும் சொல்லலாம். படம் நன்றாயிருக்கிறது என்கிறாள் என்று டீச்சரிடம் சொல்லலாம். யாரோ ஒரு ஆஸ்பத்திரிக்காரி என்று வீரலட்சுமியிடம் சொல்லலாம். சீனவலைக்கு முன்னால் நிற்கிறவருக்குத் தமிழ் தெரியும். சொல்லாவிட்டால் அவர் பாட்டுக்கு வலையைப் பார்த்து முடித்து, கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டது என்பார். நாளைக் காலையில் கனகாம்பாள் மாமி கரண்டியோடு வந்து நிற்பாள். ஒன்றும் நடந்ததாக இருக்காது.

கிழவர் இன்னமும் வீரலட்சுமியைப் பார்த்துத்தான் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

அதைத்தான் நீலாம்பாளால் தாங்க முடியவில்லை. தைரியம் ஒன்றும் வரவில்லை. தன் பொம்மையை அடுத்த வீட்டுக் குழந்தை எடுத்து வைத்துக்கொண்டதைப் பார்த்தவள் மாதிரி தொண்டை கிழிந்தது.

"என்னுது!" என்றாள் தமிழில். மலையாளத்தில் அதையே இன்னொரு தடவை சொன்னாள். பிறகு யாருக்கென்று இல்லாமல், "அந்த வயிறு என்னுது. தழும்பு என்னுது. கர்ப்பப்பையை எடுத்த தழும்பு."

வீரலட்சுமி அவள் முகத்தைப் பார்த்தாள், இறுக்கிக் கட்டிய கொசுவத்தைப் பார்த்தாள். "அப்போ ரெண்டு பேருமாம்மா?" என்று கேட்டாள். அதில் கேலியே இல்லை.

சீனவலையின் பக்கமிருந்து செருப்புச் சத்தம் வந்தது. வெங்கிடாசலம் திரும்பி வந்தார். அவளைத் தாண்டிப் போனார். படத்துக்கு முன்னால் நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேஷ்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். தழும்பின் மேல்முனையிலிருந்து ஆரம்பித்தார். மெல்ல இறங்கினார். ஒவ்வொரு தையல் புள்ளியாக எண்ணுகிற மாதிரி உதடு அசைந்தது. மறுபடி மேலே போனார்.

நீலாம்பாள் ஒரு முழத் தூரத்தில், அவர் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவர் திரும்பட்டும் என்று காத்திருந்தாள். கட்டம் போட்ட புடவைக்காரி போய்விட்டாள், கிழவர் போய்விட்டார். டீச்சரும் வீரலட்சுமியும் அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், அந்தக் கறுத்த வயிற்றை. பதினெட்டு வருஷத்தில் எதையும் இப்படிப் பார்க்காத மனுஷர்.

அவள் அந்தப் படத்தை முறைத்தாள்.